செங்கல்லை மதித்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர்

(வெள்ளிவிழாத் தொடக்க நாள் மாலையில் ஆலய வளாகத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் ஆலய முகப்பில் பதித்திருக்கும் கல்வெட்டை இன்று காலை நின்று நிதானமாகப் படித்தோம். அடிக்கல் நாட்டியவர் பெயர் இருக்கிறது. அர்ச்சித்த பேராயரின் பெயர் இருக்கிறது. அன்றைய பங்குத்தந்தையின் பெயர் சற்றுப் பெரிய எழுத்திலேயே இருக்கிறது. வரைபடம் போட்டவர் பெயரோ, கரணை பிடித்த கொத்தனார் பெயரோ இல்லை. எல்லா ஊர்க் கல்வெட்டுகளும் இப்படித்தான். ஆகவே, "ஃபாதர், விழாவில் எதைப் பற்றியாவது அரை மணி நேரம் பேசுங்கள்" என்று விழாக் குழுவினர் கேட்டபோது, கட்டியவர் ஒருவரைப் பற்றியே பேசுவது என்று முடிவு செய்தோம்.

அவர் நம் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். நம் திருச்சபையைச் சேர்ந்தவரும் அல்லர். ஆனால் அவர் கைவண்ணத்தை உங்கள் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். மறைக்கல்வி மாணவர்கள் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டுத் தட்சிணசித்ராவுக்குச் சுற்றுலா போய்வந்தார்கள் அல்லவா? 1996-ல் திறக்கப்பெற்ற அந்த வளாகத்திற்கு முதலில் வடிவம் தந்தவர் லாரி பேக்கர். அவரிடம் பயின்ற பென்னி குரியாகோஸ் பின்னர் அப்பணியைத் தொடர்ந்தார்.

பேக்கர் 1917 மார்ச் 2-ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். அங்கேயே கட்டடக் கலை பயின்றார். இளமையிலேயே குவேக்கர் சபையில் சேர்ந்தவர். குருக்கள் இல்லை, பீடம் இல்லை, மௌனமாக அமர்ந்து செபிப்பதே வழிபாடு என்பது அச்சபையாரின் வழக்கம். இரண்டாம் உலகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, மருத்துவ உதவிக் குழுவோடு சீனத்துக்குச் சென்று நோயாளிகளுக்குப் பணி செய்தார். உடல்நலம் குன்றித் தாய்நாடு திரும்பும் வழியில், கப்பலுக்காகப் பம்பாயில் சில மாதங்கள் காத்திருக்க நேர்ந்தது.

அங்கேதான் காந்தியடிகளைச் சந்தித்தார். பேக்கரின் காலில் கந்தல் துணியால் தைத்த காலணிகள் இருந்தன. காந்தியடிகளின் கண் அதில் விழுந்தது. பேச்சு அதிலிருந்து வளர்ந்தது. நல்ல வீடு என்பது ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருள்களால் கட்டியதாக இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் சொன்ன கருத்து இளைஞரான பேக்கருக்கு மிகையாகவே பட்டது. அது எவ்வளவு உண்மை என்று உணர அவருக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அதை அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார்.

1945-ல் தொழுநோயாளர் பணிக்கெனவே இந்தியாவுக்கு வந்தார். நோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த பழைய விடுதிகளை மருத்துவமனைகளாக மாற்றிக் கட்டுவது அவர் வேலை. 1948-ல் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கப் அம்மையாரை மணந்தார். இருவரும் இமயமலைச் சாரலில் பித்தோராகரில் ஏறத்தாழ 16 ஆண்டுகள் வாழ்ந்தனர். அம்மையார் மருத்துவம் பார்க்க, இவர் கட்டினார். கல்லூரியில் படித்த பாடம் அந்த மலையில் எடுபடவில்லை. கல்லையும் மண்ணையும் மரத்தையும் கையாளும் முறையை மலைவாழ் மக்களிடமே கற்றுக்கொண்டார். பட்டம் பெற்ற ஒருவர் கொத்தனாரிடம் மாணவராக நின்றது சிறிய செய்தியன்று. குருமடத்தில் பத்தாண்டுகள் படித்துவிட்டுப் பங்குக்கு வரும் நமக்கும் அது எளிதாக வருவதில்லை.

பின்னர் கேரளத்தில் வாகமண்ணிலும், முடிவாகத் திருவனந்தபுரத்திலும் குடியேறினார். குருக்களே இல்லாத சபையைச் சேர்ந்த அவரிடம் நம் குருக்கள் தேடிப்போய் நின்றார்கள். திருவனந்தபுரத்து மலங்கரைப் பேராயர் பெனடிக்ட் மார் கிரிகோரியோஸ் ஏழைகளுக்கு வீடு கட்ட அவரை அழைத்தார். ஸ்ரீகாரியத்தில் சேசு சபையார் லயோலா வளாகத்திற்கு ஒரு சிற்றாலயமும் அரங்கமும் கேட்டனர். பூந்தமல்லி திருஇருதய குருமடத்தில் பயின்ற நாட்களில் ஒரு விடுமுறையின்போது அந்தச் சிற்றாலயத்துக்குள் நாம் நுழைந்தோம். வெளியே சித்திரை வெயில். உள்ளே மின்விசிறி சுழலாமலே குளிர்ச்சி. ஜன்னல் எங்கே என்று தேடினோம். சுவரே ஜன்னலாக இருந்தது. செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கி, அந்த இடுக்குகள் வழியே காற்றையும் வெளிச்சத்தையும் உள்ளே விட்டிருந்தார். வடநாட்டார் இத்தகைய சுவரை 'ஜாலி' என்பார்கள். (இளைஞர்கள் சிரிக்க வேண்டாம், சொல் அதுதான்.) அவ்வளவு உயரமான சுவர் நிற்பதற்காக இரண்டு சுவர்களை எழுப்பி, நடுவே குறுக்குச் செங்கற்களால் பிணைத்திருந்தார். ஆயிரம் பேர் அமரக்கூடிய அந்த இரண்டுக்கும், இருக்கைகள் உட்பட, ஆன செலவு ஏறத்தாழ 1,75,000 ரூபாய். 1970-களின் தொடக்கத்துக் கணக்கு அது என்றாலும், அந்நாளிலும் அது குறைந்த தொகையே.

எப்படிக் குறைத்தார்? நம் கொத்தனார்கள் முன்வரிசையில் அமர்ந்திருப்பதால் தைரியமாகச் சொல்கிறோம், தவறிருந்தால் திருத்தட்டும். ஒன்பது அங்குலச் சுவரில் செங்கல்லைப் படுக்கவைத்துத்தான் கட்டுவோம். அவர் குத்துவாட்டில் நிறுத்திக் கட்டினார். சுவரின் நடுவே வெற்றிடம் விழும். இதற்கு எலிப்பொறிக் கட்டு என்று பெயர். செங்கல்லில் சுமார் நான்கில் ஒரு பங்கு மிச்சம். நடுவே அடைபட்ட காற்று வெயிலையும் தடுக்கும். அடுத்து, காங்கிரீட் கூரை. அதன் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே காங்கிரீட் பெரும்பாலும் சுமையே. ஆகவே கம்பிகளுக்கு இடையே மங்களூர் ஓட்டைப் பதித்து, மேலே காங்கிரீட் போட்டார். சிமெண்ட் குறைந்தது, எடையும் குறைந்தது. சுவருக்குப் பூச்சு பூசுவதும் அவருக்குப் பிடிக்காது. செங்கல்லுக்கென்று ஒரு முகம் இருக்கும்போது அதை ஏன் மூட வேண்டும் என்பது அவர் கேள்வி.

அலுவலகம் என்று ஒன்று வைத்துக்கொள்ளாமல், பழைய உறையின் பின்புறத்திலும் அழைப்பிதழ்த் தாளிலும் படம் வரைந்து, கட்டுமிடத்தில் நின்றே திருத்துவார். மனையில் மரம் நின்றால் மரத்தை விட்டுவிட்டுச் சுவரை வளைப்பார். திருவனந்தபுரம் பூந்துறையில் மீனவர்களுக்கு வீடு கட்டியபோது வரிசையாக லைன் வீடுகள் போடவில்லை. ஒன்றையொன்று மறைக்காதபடி முன்பின்னாக வைத்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் கடற்காற்று வந்தது, வலை உலர்த்த முற்றமும் கிடைத்தது. அந்நகரத்துச் செங்கல்சூளை என்னும் குடிசைப் பகுதியிலும் அவர் கட்டிய குடியிருப்புகள் உண்டு. 1990-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். இந்தியக் குடிமகனாகவே வாழ்ந்து, 2007 ஏப்ரல் 1-ஆம் நாள், தொண்ணூறாவது வயதில் திருவனந்தபுரத்தில் மறைந்தார்.

அவரைப் புகழ்ந்துவிட்டு நிறுத்தினால் நேர்மையாகாது. அவர் முறைக்குக் கைதேர்ந்த கொத்தனார் வேண்டும். பக்கத்தில் நிற்கும் கண்ணும் வேண்டும். செங்கல் மட்டமாக இருந்தால் பூசாத சுவர் நம் ஐப்பசி மழையில் நீரைக் குடிக்கும். இன்னொன்றும் உண்டு. சென்ற மாதம் இதைப் பற்றிப் பேசியபோது நம் அன்பியத்துத் தாய் ஒருவர் எழுந்து, "பணக்காரர் ஆசைக்குப் பூசாமல் விட்டால் அழகு என்பார்கள், ஃபாதர். நாங்கள் பூசாமல் விட்டால் காசில்லை என்பார்கள்" என்றார். நமக்குப் பதில் வரவில்லை. பேக்கரும் இதே பேச்சைக் கேட்டிருப்பார் என்றே நினைக்கிறோம்.

இதையெல்லாம் இன்று சொல்வதற்குக் காரணம் உங்களுக்குத் தெரியும். சமூகக் கூடம் கட்ட இரண்டு வரைபடங்கள் வந்திருக்கின்றன. ஒன்றில் முகப்பு முழுதும் கண்ணாடியும் கிரானைட்டும்; மற்றொன்று எளியது. 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை தொடங்கிய பின் வேலை தேடி இப்பக்கம் வந்த குடும்பங்களே நம்மில் பாதி. லேத் பட்டறையில் ஓவர்டைம் பார்த்த காசும், தையல் மெஷின் மிதித்த காசும்தான் உண்டியலில் விழுகின்றன. முதல் ஆலயத்தின் சிமெண்ட் ஷீட் கூரைக்கு ஒப்பந்தக்காரர் ஒருவர் வாங்கிய தொகையும், அடுத்த மழைக்கே அது ஒழுகியதும் மூத்தவர்களுக்கு மறந்திராது. அவர் பெயர் இப்போது வேண்டாம். எந்த வரைபடம் என்பதை நாம் தனியே முடிவு செய்யப் போவதில்லை. வரும் ஞாயிறு இரண்டாம் திருப்பலிக்குப் பின் பங்குப் பேரவை கூடுகிறது. இரண்டு படங்களும் அலுவலக மேசையில் விரித்து வைக்கப்பட்டிருக்கும்.

நம் பங்கின் மூத்த மேஸ்திரி ஒருவர், "பேசிக்கொண்டே இருந்தால் எப்படி, கட்டிப் பார்த்துவிடலாம்" என்று சொல்லி, மாதா கெபிக்குப் பின்னால் எலிப்பொறிக் கட்டில் நான்கடி உயரச் சுவர் ஒன்றை நேற்று எழுப்பியிருக்கிறார். கூலி வாங்க மறுத்துவிட்டார். பாதிக்குப் பூச்சு பூசி, பாதியைப் பூசாமல் விட்டிருக்கிறார். எல்லோரும் போய்த் தொட்டுப் பாருங்கள். ஈரம் காயும்வரை பிள்ளைகள் அதன்மேல் ஏறாமல் பெரியவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று உங்களிடம் சொல்லச் சொன்னார்.