கேட்பவர் தரும் காசு யாரைச் சேர்கிறது?



1847ஆம் ஆண்டில் பாரிஸ் மாநகரிலே, இசை நிகழ்ச்சிகளுக்குப் பேர்போன காப்பிச்சாலை ஒன்றுக்கு ஏர்னெஸ்ட் பூர்ஷே என்னும் பாட்டாசிரியர் தம் நண்பருடன் சென்றார். சர்க்கரை கரைத்த நீரை வரவழைத்துப் பருகினார். மேடையிலே அப்பொழுது பாடப்பட்டவை அவர்களுடைய பாட்டுகளே. பருகியதற்குப் பணம் கேட்டுப் பணியாளன் வந்தபோது பூர்ஷே தர மறுத்துவிட்டார். தம்முடைய பாட்டைக் காப்பிச்சாலைக்காரர் விலையின்றி எடுத்துக்கொள்ளலாமென்றால், அவருடைய சர்க்கரை நீரைத் தாமும் விலையின்றிக் குடிக்கலாம் என்பது அவர் வாதம். பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. தீர்ப்பும் பாட்டாசிரியருக்கே சாதகமாயிற்று. அதன் பயனாக, 1851இல், பாட்டியற்றுவோருக்கு உரிய பணத்தைத் தண்டிக் கொடுக்கும் சங்கமொன்று பிரான்சிலே தோன்றியது. சாசெம் என்னும் அச்சங்கம் இன்றும் இயங்கி வருகிறது.

அந்தக் காப்பிச்சாலை இப்பொழுது நம் சட்டைப்பைக்குள்ளேயே வந்துவிட்டது. கைப்பேசியைத் தொட்டவுடன் உலகத்துப் பாட்டுகளெல்லாம் ஒலிக்கின்றன. சுவீடன் நாட்டிலே 2006இல் நிறுவப்பெற்று 2008இல் மக்களுக்குத் திறந்துவிடப்பட்ட ஸ்பொட்டிஃபை என்னும் இணையவழி இசைச் சேவை, 2021ஆம் ஆண்டு பெப்ரவரியில் இலங்கைக்கும் வந்தது. அப்பிள், டீசர், சவுண்ட்கிளவுட் எனப் பிறவும் உள. மாதச் சந்தா செலுத்தலாம். சிலவற்றிலே விளம்பரத்தைப் பொறுத்துக்கொண்டு விலையின்றியும் கேட்கலாம். நாம் தருகின்ற அந்தக் காசு எந்த வழியாகச் சென்று யார் கையில் விழுகிறது என்பதே இன்றைய பேச்சுக்குப் பொருள்.

முதலில் இச்சேவைகளுக்கு நியாயம் செய்துவிடுவோம். இவை தோன்றுமுன், இணையத்திலே பாட்டுகளைக் களவாக இறக்கிக்கொள்வதே இளைஞர் வழக்கமாக இருந்தது. கலைஞருக்கு அதனால் ஒரு சதமும் கிடைத்ததில்லை. அவ்வாறு பழகிய மக்களை மறுபடியும் பணம் கொடுக்கப் பழக்கியவை இச்சேவைகளே. ஸ்பொட்டிஃபை தன் வருவாயில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளர்களுக்குக் கொடுப்பதாகச் சொல்கிறது. 2024இல் மட்டும் 1000 கோடி அமெரிக்க டொலர் கொடுத்ததாகவும் அறிவித்தது. இது சிறு தொகையன்று. அவ்வாறாயின், இத்தனை கலைஞர்கள் குறை கூறுவதேன்?

இங்கே பலரும் முதலில் கேட்கும் கேள்வி, ஒரு பாட்டை ஒருமுறை கேட்டால் எந்தக் கம்பனி எவ்வளவு தருகிறது என்பதுதான். 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் அப்பிள் நிறுவனம் கலைஞர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. தான் ஒரு தடவைக்குச் சராசரியாக ஓர் அமெரிக்க சதம் தருவதாக அதிலே கூறியிருந்தது. ஸ்பொட்டிஃபையின் சராசரி அதனினும் குறைவு. ஆகவே முன்னது வள்ளல், பின்னது கருமி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இம்முடிவு அவசர முடிவு என்பது என் கருத்து. அப்பிளிலே விளம்பரத்தோடு விலையின்றிக் கேட்கும் வாய்ப்பில்லை, ஸ்பொட்டிஃபையிலே உண்டு. காசு கொடாமற் கேட்போரின் கணக்கையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அது தாழத்தானே செய்யும்? மேலும், ஒரு தடவைக்கு இன்ன விலை என்று இவற்றில் எதுவும் முன்கூட்டி நிச்சயிப்பதில்லை. பணமெல்லாம் திரண்ட பின்னர், கேட்கப்பட்ட தடவைகளால் வகுத்துக் காண்பதே அந்த விலை.

இதை ஒரு கற்பனைக் கணக்கினால் விளக்குவேன். ஒரு சேவைக்கு இரண்டே சந்தாதாரர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் இளைப்பாறிய ஆசிரியை. மற்றவர் காதிலே கருவியை மாட்டியபடியே வாழும் இளைஞர். சந்தா இருவருக்கும் 1200 ரூபா. கம்பனி தன் பங்காக 400 எடுத்துக்கொண்டால், ஒவ்வொருவரிடமிருந்தும் 800 ரூபா, ஆக 1600 ரூபா, கலைஞருக்காக எஞ்சும். ஆசிரியை மாதத்திலே 20 தடவை மாத்திரம் கேட்கிறார். அவையனைத்தும் ஒரே நாதசுர வித்துவானின் வாசிப்பு. இளைஞர் நாளொன்றுக்கு 66 பாட்டாக 1980 தடவை கேட்கிறார். அவையனைத்தும் சினிமாப் பாட்டுகள். மொத்தம் 2000 தடவை. 1600 ரூபாவை 2000த்தால் வகுத்தால் தடவைக்கு 80 சதம். நாதசுர வித்துவானுக்குக் கிடைப்பது 16 ரூபா!

ஆசிரியை கலைஞருக்கென்று கொடுத்தது 800 ரூபா. அவர் சினிமாப் பாட்டு ஒன்றேனும் கேட்டவரல்லர். எனினும் அவர் காசில் 784 ரூபா அவர் அறியாத பாட்டுகளுக்குப் போய்விட்டது. திருடியவர் எவருமிலர்; கணக்குப் போடும் முறை அவ்வாறு அமைந்திருக்கிறது. எல்லாருடைய காசையும் ஒரே குளத்திலே ஊற்றி, கேட்கப்பட்ட தடவைகளின் விகிதப்படி இறைத்துக் கொடுக்கும் முறை இது. பெரும்பாலான சேவைகள் இதையே கைக்கொள்கின்றன.

இன்னொன்றும் காண்க. அவ்விளைஞர் தேர்வு வந்து கேட்பதைப் பாதியாகக் குறைத்து, 990 தடவையோடு நின்றுவிட்டால், மொத்தம் 1010 தடவையாகும். விலை தடவைக்கு ஏறத்தாழ 1 ரூபா 58 சதமாக ஏறிவிடும். யாரும் ஒரு சதமேனும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. விலைமட்டும் இரட்டிப்பாகத் தோன்றுகிறது. தடவை விலையை வைத்துக் கம்பனிகளை வரிசைப்படுத்துவோர் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்ப்பது நன்று.

மாற்று முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு கேட்பவரின் காசும் அவர் கேட்ட கலைஞருக்கே செல்லவேண்டுமென்பது அது. அந்த முறையிலே நம் நாதசுர வித்துவானுக்கு 16 ரூபாவன்று, 800 ரூபா கிடைக்கும். சவுண்ட்கிளவுட் 2021ஆம் ஆண்டு ஏப்ரலில், சுயேச்சையான கலைஞர்களுக்கு இதை நடைமுறைப்படுத்தியது. 2022இல் வார்னர் என்ற பெரிய இசைத்தட்டுக் கம்பனியும் அங்கே இதற்கு இணங்கியது.

இம்முறை வந்தால் ஏழைக் கலைஞரெல்லாம் செழித்துவிடுவர் என்று எண்ணிவிடலாகாது. பிரான்சு நாட்டின் தேசிய இசை மையம் இதுபற்றி ஆய்வொன்று நடத்தி, 2021 ஜனவரியில் வெளியிட்டது. மேனாட்டுச் சாஸ்திரீய இசைக்கு 24 சதவீதம் கூடும் என்றும், உச்சியிலுள்ள பத்துக் கலைஞர்களுக்கு ஏறக்குறைய 17 சதவீதம் குறையும் என்றும் அதில் தெரிந்தது. ஆனால் பத்தாயிரமாவது இடத்துக்குக் கீழே நிற்கும் கலைஞருக்கு, ஆண்டொன்றிலே கிடைக்கக்கூடிய மிகுதி சில யூரோக்களுக்கு மேற்படாது என்றும் அவ்வாய்வு கண்டது. இவ்வுண்மையைச் சொல்லாமல் விடுவது நேயர்களை ஏமாற்றுவதாகும். எனினும் தொகை சிறிது என்பதற்காக நியாயம் வேண்டாமென்று ஆகிவிடுமா? நாதசுரம் கேட்ட ஆசிரியையின் காசு நாதசுரத்துக்கே போகவேண்டும் என்பதற்கு இலாபநட்டக் கணக்கு வேண்டுவதில்லை.

பொதுக்குளத்துக்கு வேறொரு பலவீனமும் உண்டு. ஸ்பொட்டிஃபையிலே ஓர் ஒலிப்பதிவு 30 வினாடி ஒலித்தால் ஒரு தடவையாக எண்ணப்படும். இதைக் கண்டுகொண்ட சிலர் மழை இரைச்சலையும் விசிறிச் சத்தத்தையும் பதிந்து, சிறு துண்டுகளாக்கி ஏற்றிவிட்டார்கள். உறக்கம் வராதவர் இரவெல்லாம் மழையைக் கேட்க, பாடகருக்குச் சேரவேண்டிய பணம் மழைக்குப் போயிற்று! இதைவிடப் பெரிய சூதும் நடந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவைச் சேர்ந்த ஒருவர், கணினியே இயற்றிய பல இலட்சம் பாட்டுகளை ஏற்றி, ஆயிரக்கணக்கான பொய்க் கணக்குகளைக் கொண்டு அவற்றை ஓயாது ஒலிக்கச்செய்து, ஒரு கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையைப் பெற்றார் என்று 2024 செப்டெம்பரில் அந்நாட்டு அரசு வழக்குரைஞர்கள் குற்றஞ்சாட்டினார்கள். அவரவர் காசு அவரவர் கேட்டதற்கே என்ற முறையிலே இச்சூது பலிக்காது. ஒரு பொய்க் கணக்கு, தான் கட்டிய சந்தாவைக்கூட முழுதாகத் திரும்பப் பெறமாட்டாது.

பிரான்சின் டீசர் கம்பனி 2023இல் யூனிவேர்சல் என்னும் பெருங் கம்பனியோடு சேர்ந்து வேறொரு வழியை வகுத்தது. மாதத்திலே குறைந்தது 500 பேர் 1000 தடவை கேட்கும் கலைஞருக்கு இரட்டைக் கணக்கு. கேட்பவர் தாமாகத் தேடிக் கேட்ட பாட்டுக்கு மீண்டும் இரட்டைக் கணக்கு. வெறும் இரைச்சலுக்குப் பங்கில்லை. தேடிச் செல்லும் காதுக்கு மதிப்புத் தருவது நல்ல எண்ணமே. ஆனால் 500 பேரைத் திரட்டமுடியாத கிராமியக் கலைஞர் இதிலே என்ன பெறுவார்?

ஸ்பொட்டிஃபையும் 2024 முதல் ஒரு வரம்பு கட்டியது. கடந்த பன்னிரண்டு மாதத்திலே 1000 தடவை கேட்கப்படாத ஒலிப்பதிவுக்கு உரிமைப்பணம் இல்லை. அத்தகைய ஒலிப்பதிவுகள் மாதத்துக்குச் சராசரியாக மூன்று அமெரிக்க சதமே ஈட்டுகின்றன என்றும், அப்பணம் வழியிலே கட்டணங்களாகக் கரைந்துவிடுகிறது என்றும் கம்பனி காரணம் சொன்னது. அதைத் தான் வைத்துக்கொள்ளாமல் ஏனைய கலைஞருக்கே பகிர்வதாகவும் சொன்னது. காரணம் பொருத்தமானதாயிருக்கலாம். ஆயினும் சிறியோரின் மூன்று சதத்தை எடுத்துப் பெரியோருக்குக் கொடுப்பதைப் பங்கீடு என்று அழைக்க எனக்கு நாக்கு எழவில்லை.

இதுவரை கம்பனி வாயிலைக் கண்டோம். அதற்கு அப்பால் இன்னொரு வாயில் உண்டு. சேவைகள் தரும் பணம் பெரும்பாலும் நேரே பாடகர் கைக்கு வருவதில்லை; ஒலிப்பதிவின் உரிமையை வைத்திருக்கும் இசைத்தட்டுக் கம்பனிக்குச் செல்கிறது. பாடகரோடு அது செய்துகொண்ட ஒப்பந்தப்படியே மிச்சம் கீழிறங்கும். பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்று இதனை விசாரித்து, 2021 ஜூலையில், முறை அடியோடு மாறவேண்டுமென்று கூறியது. விசாரணையிலே சாட்சியம் அளித்த நாடீன் ஷா என்னும் பாடகி, புகழும் விமர்சகர் பாராட்டும் பெற்றவர்; இச்சேவைகளால் வரும் பணம் தம் வீட்டு வாடகைக்கும் போதாதென்றார். அந்நாட்டின் வணிகப் போட்டி ஆணையம் 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, 2021இல் ஒரு கலைஞருக்கு 1 கோடி 20 இலட்சம் தடவைக்குச் சராசரியாகக் கிடைத்தது ஏறத்தாழ 12,000 பவுண். ஆயிரம் பேர் கேட்டால் ஒரு பவுண்! ஒரு மண்டபத்திலே ஆயிரம் பேரைக் கூட்டிப் பாடியவருக்கு ஒரு பவுணைக் கையில் வைத்தனுப்பினால் எப்படியிருக்குமென்று எண்ணிப்பாருங்கள்.

பேரம் பேசும் வலிமை யாரிடம் உள்ளது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. அப்பிள் 2015இல் தன் சேவையைத் தொடங்கியபோது, முதல் மூன்று மாதம் சந்தாதாரரிடம் பணம் வாங்காததால் கலைஞருக்கும் தருவதில்லை என்றிருந்தது. டெயிலர் சுவிப்ட் என்ற அமெரிக்கப் பாடகி, தம் புதிய இசைத்தொகுப்பைத் தரமாட்டேன் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். ஒரு நாளைக்குள் கம்பனி பணிந்தது. பூர்ஷே சர்க்கரை நீருக்குப் பணம் மறுத்த அதே துணிவுதான். ஆனால் பெயர் அறியாத ஒரு வயலின்காரர் அவ்வாறு எழுதியிருந்தால் அக்கடிதத்தைப் பிரித்தாவது பார்த்திருப்பார்களா?

இவற்றினின்று வேறுபட்ட கடை ஒன்றும் உண்டு. 2008இல் தோன்றிய பாண்ட்காம்ப் என்பது சந்தா முறையன்று. கலைஞர் தம் இசைக்குத் தாமே விலை குறிக்கிறார், விரும்பியவர் வாங்குகிறார். ஒலிப்பதிவு விற்பனையிலே கடைக்காரர் எடுப்பது 15 சதவீதம். கொடுப்பனவுச் செலவும் போகச் சராசரியாக 82 சதவீதம் கலைஞரையோ அவரது வெளியீட்டாளரையோ சேர்வதாகக் கடை கூறுகிறது. நோய்த்தொற்றால் மேடைகள் மூடப்பட்ட 2020ஆம் ஆண்டு மார்ச்சில், ஒரு வெள்ளிக்கிழமை தன் பங்கை விட்டுக்கொடுத்தது. பின்னர் பல வெள்ளிக்கிழமைகளில் அவ்வாறே செய்தது. கடையின் உடைமையோ 2022இலும் 2023இலும் கைமாறியது. இரண்டாம் முறை ஊழியரில் ஏறக்குறையப் பாதிப்பேர் வேலையிழந்தனர். நல்ல கடையும் விற்கப்படும் பொருளே என்பதை அறிந்துதான் இதனைப் புகழவேண்டும்.

என் வழக்கத்தைச் சொல்லி நிறுத்துகிறேன். சந்தாச் சேவையை நான் விட்டுவிடவில்லை. அறியாத இசையைத் தேட அதுபோல் வாய்ப்பானது வேறில்லை. ஆனால் ஒரு வாசிப்பை மூன்றாம் முறை தேடிக் கேட்கிறேன் என்று கண்டால், அக்கலைஞர் தம் இசையைத் தாமே எங்கே விற்கிறார் என்று பார்த்து அங்கே வாங்கிக்கொள்கிறேன். நம் கணக்கிலே வந்த ஆசிரியை 20 ரூபாவுக்கு நேரே வாங்கியிருந்தாலும், 82 சதவீதக் கணக்கிலே வித்துவானுக்கு 16 ரூபா 40 சதம் கிடைத்திருக்கும். அதற்காக அவர் செலுத்தியது 1200 ரூபா.