முதலிடம் யாருக்கு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"விளையாட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். நான் விளையாடிய லட்சணம் இங்கே பலருக்கும் தெரியும். ஆகையால் விளையாடுகிறவர்களை விட்டுவிட்டு, மைதானத்துக்கு வெளியே கோட்டோரம் நின்று கத்துகிறாரே, அந்தக் கால்பந்துப் பயிற்சியாளரைப் பற்றிப் பேசுகிறேன். நமக்கு ரேங்க் போட்டது போல அவருக்கும் ஆண்டுதோறும் ரேங்க் போடுகிறார்கள்.

1984-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தொடங்கப்பட்ட சர்வதேச கால்பந்து வரலாறு மற்றும் புள்ளியியல் கூட்டமைப்பு, 1996 முதல் உலகின் சிறந்த கிளப் பயிற்சியாளரைத் தேர்ந்தெடுத்து வருகிறது. முதல் ஆண்டு அந்தப் பெருமை யுவென்டஸ் கிளப்பின் மார்செல்லோ லிப்பிக்குப் போனது. 2010-ஆம் ஆண்டிலிருந்து ஃபிஃபாவும் பயிற்சியாளருக்கு விருது தருகிறது. 2024-இல் பாலன் டி'ஓர் விழாவிலும் யோஹன் கிரைஃப் பெயரில் ஒரு விருது சேர்ந்துகொண்டது. ஆக, பதக்கத்துக்குப் பஞ்சம் இல்லை. இந்தப் பட்டியல்கள் எதை அளக்கின்றன என்பதுதான் என் கேள்வி. அளவுகோல் என்ன என்று கேட்காமல் அளவை ஏற்கக் கூடாது என்று இதே கல்லூரியின் ஆய்வகத்தில்தானே சொல்லிக் கொடுத்தார்கள்?

என் வகுப்புத் தோழர்களுக்கு ஓர் இரவு நினைவிருக்கும். 2012 மே 19. நம் கடிகாரத்தில் நள்ளிரவு தாண்டி 12.15. ஹாஸ்டல் டிவி அறையில் உட்கார இடமில்லை. மியூனிக்கில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டம். பேயர்ன் மியூனிக்குக்குச் சொந்த மைதானம், எதிரே செல்சி. 83-வது நிமிடத்தில் முல்லர் கோல் அடித்தார், 88-இல் ட்ரோக்பா தலையால் முட்டிச் சமன் செய்தார். கடைசியில் பெனால்டியில் செல்சி 4-3 என்று வென்றது. வார்டன் எழுந்து வரும் வரை கத்தினோம்.

அன்று இரண்டு பயிற்சியாளர்கள் எதிரெதிரே நின்றார்கள். ஜெயித்தவர் ராபர்ட்டோ டி மாட்டேயோ. மார்ச் மாதம்தான் தற்காலிகமாகப் பொறுப்பேற்றவர். தோற்றவர் யூப் ஹைன்கெஸ். அவர் அணி அந்த ஆண்டு ஜெர்மன் லீகில் இரண்டாம் இடம், ஜெர்மன் கோப்பை இறுதியில் 5-2 தோல்வி, கடைசியில் இதுவும் தோல்வி. மூன்றிலும் இரண்டாமிடம்!

அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா? டி மாட்டேயோவை அதே நவம்பர் 21 அன்று வேலையை விட்டு அனுப்பினார்கள். யுவென்டஸிடம் 3-0 என்று தோற்ற மறுநாள். கோப்பை வாங்கி ஆறு மாதம்தான். 2012-க்கான ஃபிஃபா விருதின் கடைசி மூன்று பெயர்களில்கூட அவர் இல்லை. புள்ளியியல் கூட்டமைப்பின் முதலிடம் ரியல் மாட்ரிட்டின் ஜோஸே மொரின்யோவுக்கு. அவரும் சாதாரண ஆள் இல்லை, அந்த சீசனில் ஸ்பெயின் லீகை 100 புள்ளிகளோடு வென்றவர்.

தோற்ற ஹைன்கெஸை பேயர்ன் வைத்துக்கொண்டது. 2013-இல் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றையும் வென்றார். இரண்டு பட்டியல்களிலும் அவருக்கே முதலிடம். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். அடுத்த சீசனுக்கு குவார்டியோலா வருகிறார் என்று அந்த ஜனவரியிலேயே கிளப் அறிவித்துவிட்டது. விருது வந்தபோது அவர் நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார்.

2012-இல் தோற்ற ஹைன்கெஸும் 2013-இல் வென்ற ஹைன்கெஸும் வேறு வேறு ஆளா? பெரும்பாலும் அதே வீரர்கள், அதே மனிதர். பட்டியலுக்குத் தெரிந்தது கோப்பை மட்டும். கோப்பைக்கு முந்தைய ஆண்டின் வேலை அதன் கண்ணில் படவில்லை.

இன்னொரு கதை. இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி. 2014-15 சீசனில் பெரும்பாலான நாள் கடைசி இடத்தில் கிடந்த அணி. நைஜல் பியர்சன் என்ற பயிற்சியாளர் கடைசி 9 ஆட்டங்களில் 7 வென்று அணியைக் காப்பாற்றினார். ஆனாலும் அந்த ஜூனில் அவரை அனுப்பிவிட்டார்கள். பதிலுக்கு வந்தவர் கிளாடியோ ரானியேரி. அதற்கு முந்தைய நவம்பரில் பரோ தீவுகள் என்ற குட்டி அணியிடம் தோற்றதற்காகக் கிரீஸ் நாட்டு அணி விலக்கிய மனிதர். லெஸ்டர் லீகை வெல்லும் என்று பந்தயம் கட்டினால் 1-க்கு 5000 தருவதாகச் சில பந்தயக் கம்பெனிகள் சொன்னன. வென்றது. 81 புள்ளிகள், இரண்டாவது வந்த ஆர்சனலைவிட 10 அதிகம்.

2017 ஜனவரி 9 அன்று சூரிச்சில் ஃபிஃபாவின் சிறந்த பயிற்சியாளர் விருது ரானியேரிக்கு. அதே 2016-க்குப் புள்ளியியல் கூட்டமைப்பு தேர்ந்தெடுத்தது அட்லெடிகோ மாட்ரிட்டின் சிமியோனேவை. ஒரே ஆண்டு, இரண்டு பட்டியல், இரண்டு முதலிடம். பிப்ரவரி 23 அன்று, அதாவது விருது வாங்கிய 45-வது நாள், ரானியேரியை லெஸ்டர் வேலையிலிருந்து நீக்கியது. அணி 17-வது இடத்துக்கு இறங்கியிருந்தது.

ஜனவரியில் உலகிலேயே சிறந்தவர் பிப்ரவரியில் உதவாக்கரை ஆகிவிட்டாரா? பொறியாளர்களுக்கு இது புரியாத கணக்கு இல்லை. ஓர் அபூர்வமான விளைவில் உழைப்பும் இருக்கும், சூழ்நிலையும் இருக்கும். அந்தச் சீசனில் லெஸ்டருக்குக் காயங்கள் குறைவு, ஏறக்குறைய அதே பதினோரு பேர் இறங்கினார்கள். கான்டே நடுக்களத்தில் இருவர் வேலையைப் பார்த்தார். அடுத்த ஆண்டு அவர் செல்சிக்குப் போனார், செல்சி சாம்பியன் ஆனது. வீரர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்த ஸ்டீவ் வால்ஷும் வேறு கிளப்புக்குப் போனார். சூழ்நிலை விலகினால் விளைவு சராசரியை நோக்கி இறங்கும். விருது கொடுத்தபோது எல்லாப் பெருமையும் ஒருவர் தலையில். இறங்கியபோது எல்லாப் பழியும் அதே தலையில். இரண்டும் ஒரே தப்பு.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? தகுதி இல்லை, குற்ற உணர்ச்சிதான் இருக்கிறது. நானும் ரேங்க் போடுகிறவன். ஆண்டுதோறும் என் கீழ் வேலை பார்க்கும் எட்டுப் பேரை 1 முதல் 8 வரை வரிசைப்படுத்திக் கையெழுத்துப் போட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பையன் இருந்தான். எது பழுதாகும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று, மோட்டார் மோட்டாராகப் போய் பேரிங் அதிர்வை அளந்து ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தான். ஆண்டு முடிவில் காட்ட ஒன்றும் இல்லை. எட்டாமிடம் கொடுத்தேன். அவன் ராஜினாமா செய்துவிட்டுப் போனான். அடுத்த ஆண்டு பிளான்ட் நின்ற நேரம் கணிசமாகக் குறைந்தது. அவன் நோட்டை வைத்து வேலை செய்தவருக்கு முதலிடம் கொடுத்தேன். இரண்டு தாளிலும் இருப்பது என் கையெழுத்துதான்.

விருதே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. ஹைன்கெஸுக்கும் ரானியேரிக்கும் கிடைத்த மரியாதை நியாயமானது. பட்டியலைப் பார்க்கும்போது மூன்று கேள்வி மட்டும் சேர்த்துக் கேளுங்கள். இவர் எங்கே இருந்து தொடங்கினார்? இவருக்கு முன் அஸ்திவாரம் போட்டவர் யார்? கூட நின்றவர்கள் யார்? 1986 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த அலெக்ஸ் பெர்குசனுக்கு முதல் கோப்பை 1990-இல்தான் கிடைத்தது, உலகின் முதலிடம் 1999-இல். நடுவில் அந்தக் கிளப் பொறுமை இழந்திருந்தால் நமக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது.

தம்பி தங்கைகளே, நாளை கேம்பஸ் இன்டர்வியூவில் உங்களுக்கும் ஒரு வரிசை எண் வரும். அது அந்த ஒரு நாளின் அளவு, உங்கள் அளவு இல்லை. அண்ணன்மார்களே, உங்களில் பலர் ரேங்க் போடும் நாற்காலியில் இருக்கிறீர்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நடை ஷாப் ஃப்ளோருக்குப் போய்ப் பாருங்கள்.

போன மாதம் அந்தப் பையனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். இப்போது வேறு ஊரில் நல்ல வேலையில் இருக்கிறான். சிரித்துவிட்டு, "அதை விடுங்க சார், அந்த நோட்டை இன்னும் எழுதுறாங்களா?" என்று கேட்டான். எழுதுகிறார்கள். இப்போது மூன்றாவது நோட்டு.