தராசு மேல பழி போடாதீங்க!



'அறிவுத்திறன் சோதனை குழந்தைக்கு வரமா, சாபமா?' இதுதான் தலைப்பு. வரம்னு பேச வந்திருக்கேன். ஆனா அந்தச் சோதனையால அழுத அம்மாவும் நான்தாங்க.

என் பையன் இரண்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் ஐ.க்யூ. டெஸ்ட் வைத்தார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாப்பாட்டு நேரம், ஒரே சத்தம், வராந்தாவில் உட்கார வைத்து இங்கிலீஷில் மடமடவென்று கேள்வி. வீட்டில் அவன் பேசுவது தமிழ். வந்த எண் 68. அதைப் பெற்றோர் கூட்டத்தில் எல்லார் முன்னாலயும் படிச்சாங்க. "புத்தி மந்தம், வேற ஸ்கூல் பாருங்க" என்றார்கள். அன்று ராத்திரி அவன் கேட்டான்: "மந்தம்னா என்னம்மா?"

(அரங்கில் அமைதி)

நடுவர் அவர்களே, 1905-ல் பாரிசில் பினே, சிமோன் என்ற இருவர் இந்தச் சோதனையை உருவாக்கியது எதற்கு? எந்தப் பிள்ளைக்குத் தனி உதவி தேவை என்று கண்டுபிடிக்க! பயிற்சி கொடுத்தால் அறிவு வளரும் என்றே பினே நம்பினார். ஆனால் முதல் உலகப் போர் நேரத்தில், 1917 முதல், அமெரிக்கா 17 லட்சம் சிப்பாய்களைச் சோதித்தது. அந்த ஊர்க் கடைச் சரக்கைப் பற்றியெல்லாம் கேள்வி. நேற்று கப்பலில் வந்திறங்கியவனுக்கு அது தெரியுமா? தெரியாதவனை அறிவில்லாதவன்னு எழுதிட்டாங்க!

(கைதட்டல்)

அப்புறம் அரசு மருத்துவமனையில் ஒரு மனநல அம்மாவிடம் போனோம். முதலில் எங்களிடம் சம்மதம் கேட்டார். பையனிடம், "சாப்பிட்டியா கண்ணா? தூங்கினியா?" தமிழில் கேட்டார். தனி அறை, சத்தமில்லை. பத்தே நிமிஷத்தில் சோதனையை நிறுத்திவிட்டார். "ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பக்கமாவே தலையைத் திருப்பறான். முதல்ல காதைப் பாருங்க" என்றார். பார்த்தால், காதுக்குள்ளே நீர் கோத்திருந்தது! கேள்வியே சரியா காதுல விழாத பிள்ளைக்கு மந்தம்னு பட்டம்!

காது சரியான பிறகு முழுச் சோதனை நடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு எங்களிடம் மட்டும் பேசினார். எதில் கெட்டிக்காரன், எதில் கைகொடுக்க வேண்டும் என்று சொன்னார். கூட வந்த என் நாத்தனார் "எத்தனை மார்க்?" என்றதற்கு, "அது அவங்க வீட்டு விஷயம்மா" என்று சிரித்தார்.

தாய்மார்களே, உங்க பிள்ளைக்கும் நாளைக்கு டெஸ்ட் வைக்கலாம். கேளுங்க. வைக்கிறவர் அதற்குப் படித்தவரா? எந்த மொழியில? எதுக்காக? முடிவு யார் கைக்குப் போகும்? கேட்கிறது உங்க உரிமை.

தராசு வரம்தான் நடுவர் அவர்களே. அதைப் பிடிக்கிற கைக்குத்தான் மனசாட்சி வேணும்!

(பலத்த கைதட்டல்)