குடித்தவரா, குடிக்க வைத்தவரா?

(நமது மருத்துவமனையைத் தாங்கும் அன்பர்களின் கூடுகையில் கொடுக்கப்பட்ட செய்தி)

உங்கள் ஜெபங்களாலும் காணிக்கைகளாலும் நடந்துவரும் குடிநோய் வார்டிலிருந்து, எங்களைச் சில நாட்களாகத் தூங்கவிடாத ஒரு கேள்வியை இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

ஒரு கொத்தனார் சகோதரர் நான்காம் முறையாக வார்டில் சேர்ந்தார். மூன்றாம் முறை வீட்டுக்குப் போனபோது மூன்று வாரம் ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. அதன்பின் அக்காள் மகனின் கல்யாணம் வந்தது. தாய்மாமன் என்பதால் மாலையும் மரியாதையும் அவருக்கு. இரவு மண்டபத்துக்குப் பின்னால் மைத்துனர் ஒருவர், "மச்சான், இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று டம்ளரை நீட்டினார். அன்று ஆரம்பித்தது பன்னிரண்டு நாட்கள் நிற்கவில்லை.

படுக்கையில் கை நடுங்கியபடி அவர் எங்களிடம், "ஐயா, நான் குடிக்கல, குடிக்க வச்சிட்டாங்க" என்றார். பக்கத்தில் நின்ற மனைவி, "வாயைப் பிளந்தா ஊத்தினாங்க?" என்று கேட்டார். இருவரில் யார் சொன்னது சரி?

வேதாகமத்தைத் திறந்தோம். நோவா தானே திராட்சத்தோட்டம் நாட்டினார், தானே குடித்தார். அங்கே வேறு ஒருவர்மேல் பழி போட வழியில்லை. உரியாவின் காரியம் வேறு. தன் பாவத்தை மறைக்க எண்ணிய தாவீது ராஜா அவரைப் பந்தியில் உட்காரவைத்து வெறிக்கப்பண்ணினார். ஆனாலும் உரியா அன்று இரவு தன் வீட்டுக்குப் போகவில்லை. போர்க்களத்தில் இருந்த தோழர்களை நினைத்து எடுத்த தீர்மானம் வெறியிலும் நின்றது. வெறிக்கப்பண்ணின குற்றமோ ராஜாவின் கணக்கில் நின்றது. அயலானுக்குக் குடிக்கக் கொடுத்து வெறிக்கப்பண்ணுகிறவனுக்கு ஐயோ என்று ஆபகூக் தீர்க்கதரிசியும் எச்சரிக்கிறார். ஆகவே, வேதம் இரண்டு கணக்குகளையும் வைத்திருக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை அழிப்பதில்லை.

நாட்டின் சட்டமும் இதைப் பார்த்திருக்கிறது. 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 85-ஆம் பிரிவில் இருந்த விதி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 23-ஆம் பிரிவாக இருக்கிறது. ஒருவருக்குத் தெரியாமலோ, அவர் விருப்பத்துக்கு விரோதமாகவோ போதைப்பொருள் கொடுக்கப்பட்டு, தான் செய்வது இன்னதென்று அறிய முடியாத நிலையில் அவர் செய்ததைச் சட்டம் குற்றமாக எண்ணாது. தானாகக் குடித்தவருக்கு அந்தச் சலுகை இல்லை. நம் சகோதரர் கையை நீட்டித்தான் வாங்கினார்.

அப்படியானால் மனைவி சொன்னதுதான் சரியா? மருத்துவர்களாகிய நாங்கள் இன்னும் கொஞ்சம் சொல்லவேண்டும். குடிநோய்க்கு ஆளாகும் வாய்ப்பில் ஏறக்குறைய பாதி பரம்பரையாக வருகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. மீதி, வளர்ந்த சூழலும் பழகிய கூட்டமும். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் சில மணி நேரத்தில் கை நடுங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். அதையடுத்துச் சித்தக் கலக்கமும் வரலாம். இதற்கு மருந்தும் வைட்டமின் ஊசியும் உண்டு. ஆனால் உடம்பு தெளிந்த பிறகும் மூளை பழையதை மறப்பதில்லை. அந்த வாசனை, அந்தக் கூட்டம், டம்ளர் சத்தம் ஆகியவை போதும், ஆசை எழும்பிவிடும். மைத்துனருக்கு அது ஒரு டம்ளர். நம் சகோதரருக்கு அது பன்னிரண்டு நாட்கள்.

மது முதலில் மழுங்கச் செய்வது நிதானத்தைத்தான். எனவே இரண்டாவது டம்ளரை மறுக்கும் பலம் முதல் டம்ளரோடு போய்விடுகிறது. அவருடைய பொறுப்பு முதல் டம்ளருக்கு முன்பே இருக்கிறது: எங்கே போவது, யாரோடு உட்காருவது, எப்போது புறப்படுவது என்பதில். அங்கே அவருக்குப் பலம் உண்டு. அந்தப் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்துவிடுவது இரக்கம் அல்ல. அவரால் எதுவும் முடியாது என்று தீர்ப்புச் சொல்வதாகும்.

இதனால்தான், குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடிகளைக் கேட்டு வரும் சகோதரிகளிடம் வேண்டாம் என்கிறோம். அவர்கள் கண்ணீர் எங்களுக்குத் தெரியும். ஆனால் டைசல்பிராம் போன்ற மருந்தை அறியாமல் சாப்பிட்டவர் அதன்மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து வரலாம். அவர் அறிந்து சம்மதித்து, மருத்துவர் மேற்பார்வையில் எடுக்கவேண்டிய மருந்து அது.

வெளியே இருக்கும் இழுப்பும் சிறியதல்ல. 1937-ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971-ல் மாநிலத்தில் அது தளர்த்தப்பட்டது, மறுபடியும் வந்தது, மறுபடியும் போனது. 1983-ல் டாஸ்மாக் நிறுவனம் உண்டானது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் அதுவே நடத்துகிறது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதைக் கலந்தவரும் விற்றவரும் தங்கள் கணக்கை ஒப்புவிக்கவேண்டும். "குடித்தவன்தானே" என்று நாம் கையைக் கழுவிவிட முடியாது.

எங்கள் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். மூன்றாம் முறை அவரை அனுப்பியபோது, "இனி தொடக்கூடாது" என்று மட்டும் சொன்னோம். அடுத்த மாதம் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்கவில்லை; உறவினர் ஒருவரையும் அழைத்துப் பேசவில்லை. இந்த முறை அந்த மைத்துனரையே வரவழைத்தோம். "விளையாட்டாத்தான் கொடுத்தேன்" என்றவர், வலிப்பு வந்த இரவைப்பற்றி அக்காள் சொல்லக்கேட்டுத் தலைகுனிந்தார். நம் சகோதரர் அவரைப் பார்த்து, "நீங்க நீட்டினது தப்பு. நான் வாங்கினது என் தப்பு. இனி கல்யாணத்துக்கு வந்தா தாலி கட்டினதும் பஸ் ஏறிடுவேன், கோவிச்சுக்காதீங்க" என்றார். "நானே பஸ் ஏத்தி விடறேன்" என்றார் மைத்துனர்.

இது சாட்சிக் கதையின் முடிவு அல்ல. அவர் வாராவாரம் வந்துகொண்டிருக்கிறார். அவ்வளவுதான் இன்று சொல்ல முடியும். அவருக்காக ஜெபியுங்கள்.

அன்பானவர்களே, உங்களிடம் நாங்கள் கேட்பது மூன்று காரியங்கள். உங்கள் வீட்டு விசேஷங்களில் "ஒரு நாள்தானே" என்ற வார்த்தை யார் வாயிலும் வராதபடி பாருங்கள். உங்கள் சபைக் கூடத்தை வாரம் ஒரு மாலை, குடியை விட்டவர்கள் கூடிப் பேசுவதற்குத் திறந்து கொடுங்கள். 1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியால் நொந்த ஒரு பங்கு வியாபாரியும் ஓர் அறுவை மருத்துவரும் இப்படி உட்கார்ந்து பேசியதிலிருந்துதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது. மூன்றாவதாக, உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு, நோயாளியோடு தங்கும் குடும்பத்தாரின் சாப்பாட்டுக்கும் பஸ் கட்டணத்துக்கும் போகட்டும். அவர்கள் வந்தால்தான் நாங்கள் பேசமுடியும்.

விழுந்தவர் தன் கணக்கைப் பார்க்கட்டும். அவர் விழுந்த பாதையில் நம் கால் இருந்ததா என்று நாமும் பார்ப்போம். கர்த்தர்தாமே உங்களையும் உங்கள் குடும்பங்களையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.