கப்பலேறும் புகையிரதமும் குடும்பப் பிரயாணக் கணக்கும்



வெளிநாட்டிலே ஓர் உறவினராவது இல்லாத வீட்டை வன்னிப் பெருநிலப்பரப்பில் இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். கனடா என்றும் சுவிட்சர்லாந்து என்றும் பிரான்ஸ் என்றும் பெயர்கள் நம் காதுக்குப் பழகிவிட்டன. ஆனால் இத்தாலி தேசத்தின் தென்கோடியிலே, சிசிலித் தீவின் தலைநகராகிய பலெர்மோவில், 1980களிலிருந்து நம்மவர் குடியேறி, சந்தையிலும் தேவாலயத்திலும் தமிழ் கேட்கும் ஒரு சமூகமாக வளர்ந்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது. "ஒருமுறை எல்லாரும் வந்திட்டுப் போங்கோவன்" என்று அங்கிருந்து தொலைபேசியில் அழைப்பு வந்தால், அந்தப் பிரயாணத்தை எப்படித் திட்டமிடுவது, கைக்காசை எப்படி வகுப்பது என்பதைப் பற்றிப் பேசும்படி வானொலி நிலையத்தார் கேட்டார்கள். நான் பொருளியல் படித்தவன் அல்லன். வவுனியா புகையிரத நிலையத்திலே பயணச்சீட்டு விற்கும் யன்னலுக்கு உட்புறமாக இருந்து உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவன்; மனைவியோடும் மாமியாரோடும் பலெர்மோவுக்குப் போய் வந்தவன். இவ்விரண்டுமே என் யோக்கியதை.

1990ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ இரண்டு தசாப்தங்களாக வடக்குப் பாதையில் ஓடும் வண்டிகளுக்கு வவுனியாவே கடைசித் தரிப்பிடமாக இருந்தது. ஓமந்தையைத் தாண்டி, பெட்டி படுக்கைகளோடும் கைக்குழந்தைகளோடும், பல சோதனைகளுக்குப் பின் என் யன்னலுக்கு முன் வந்து நின்ற குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் முதலில் கேட்ட கேள்வியைக் கொண்டே அவர்களுடைய பிரயாணம் எப்படி நடக்கும் என்று ஓரளவு ஊகித்துவிடுவேன். "கொழும்புக்கு ஆளுக்கு எவ்வளவு?" என்று தொடங்கி, மடியில் எண்ணிக் கட்டிய காசு சீட்டுக்குச் சரியாயிருக்க, கோட்டை நிலையத்தில் இறங்கியபின் முச்சக்கரவண்டிக்கு என்ன செய்வது என்ற நினைவேயின்றி ஏறிப் போனவர்கள் ஒரு வகை. "ஐயா, அம்மாவுக்குக் கால் மடக்கேலாது, அவ நீட்டி இருந்து போறதுக்கு எந்த வண்டி நல்லது?" என்று தொடங்கியவர்கள் இன்னொரு வகை. இரண்டாம் வகையினர் சில ரூபாய் கூடுதலாகச் செலவழித்தாலும் வழியில் அல்லற்பட்டது குறைவு. குடும்பப் பிரயாணத்திலே முதலில் தீர்மானிக்க வேண்டியது, வீட்டில் மிகவும் தளர்ந்தவர் ஒரு நாளில் எவ்வளவு நடப்பார், எத்தனை மணிநேரம் உட்கார்ந்திருப்பார் என்பதே. காசுக் கணக்கு அதற்குப் பிறகு வரட்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். திரும்பி வராத காசை முதலில் ஒதுக்குங்கள். இத்தாலிக்குக் குறுகிய காலம் போவதற்குரிய ஷெங்கன் விசாவுக்கு இப்போது பெரியவருக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பன்னிரண்டு நிரம்பாத பிள்ளைக்கு 45 யூரோ, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒன்றுமில்லை. தகப்பன், தாய், அம்மம்மா, பதினாலு வயதில் ஒரு மகள், ஒன்பது வயதில் ஒரு மகன் என்று ஐவர் போவதாயின் 405 யூரோ, விண்ணப்ப நிலையத்தாரின் சேவைக் கட்டணம் நீங்கலாக. விசா மறுக்கப்பட்டாலும் இது திரும்பக் கிடையாது. இதனோடு ஒவ்வொருவருக்கும் குறைந்தது 30,000 யூரோவுக்கு வைத்தியச் செலவை ஏற்கும் பிரயாணக் காப்புறுதியும் வேண்டும். கடவுச்சீட்டை வவுனியாவிலுள்ள குடிவரவு குடியகல்வுப் பிராந்திய அலுவலகத்திலே பெற்றுக்கொள்ளலாம். ஆனால் இத்தாலிய விசாவுக்குக் கொழும்புக்குப் போயே ஆக வேண்டும். பன்னிரண்டு வயது நிரம்பியவர்கள் எல்லாரும் விரலடையாளம் கொடுக்கவும் வேண்டும். ஆகவே, இத்தாலிச் செலவின் முதற் பக்கத்திலே எழுத வேண்டியது கொழும்புக்குக் குடும்ப சமேதராய்ப் போய் ஓரிரவு தங்கி மீளும் செலவு. இதை மறந்தவர்களை நான் யன்னலூடாக நிறையவே கண்டிருக்கிறேன்.

வங்கிக் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. நம்முடைய செல்வம் பெரும்பாலும் நெல்லிலும் நகையிலும் இருக்கிறது. வங்கிப் புத்தகம் வெறுமையாய்க் கிடக்கிறது. விசா கேட்கும் நாள் நெருங்கியதும் நகையை அடைவு வைத்து ஒரே நாளில் பெருந்தொகையைக் கணக்கில் போடுவது, விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிறவருக்குச் சந்தேகத்தை உண்டாக்கும். காலபோக நெல் விற்ற காசு மாசி, பங்குனியிலே கைக்கு வரும்போதே அதைக் கணக்கிலே போட்டு, விற்ற சிட்டைகளையும் காணி உறுதியின் பிரதியையும் பத்திரப்படுத்தி வைத்தால், உழைத்துச் சேர்த்தது என்பது தானே விளங்கும். பிரயாணத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே விண்ணப்பிக்க அனுமதி உண்டு. குறைந்தது பதினைந்து நாளாவது முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். விசா கையில் கிடைக்கும்வரை விமானச்சீட்டை முன்பதிவு மட்டும் செய்யுங்கள். மாற்றவும் முடியாத, காசும் திரும்பாத சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு தூதரகத்தின் பதிலுக்காகக் காத்திருப்பது மனத்துக்கும் நல்லதன்று, மடிக்கும் நல்லதன்று. உங்களைத் தங்கவைக்கும் உறவினருக்கும் ஒரு கடமை உண்டு: அழைப்புக் கடிதம் அனுப்புவதோடு, நீங்கள் போய்ச் சேர்ந்து 48 மணித்தியாலத்துக்குள் அங்குள்ள பொலிஸ் அதிகாரிகளுக்கு அறிவிக்கவும் வேண்டும். இதை இப்போதே அவர்களுக்கு ஞாபகப்படுத்தி விடுங்கள்.

எப்போது போவது? பிள்ளைகளின் விடுமுறை வழக்கமாக ஆகஸ்டில் வருகிறது. இத்தாலியருக்கும் அதுவே விடுமுறை மாதம். ஆகஸ்ட் 15, நம்முடைய மடு மாதாவின் பெருவிழா நாள், அங்கே தேசமே கடைகளைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போகும் நாள். வெயிலும் அப்போது உச்சம், விலையும் உச்சம். பலெர்மோவில் நம்மவர் பெரும்பாலும் வீட்டுப் பணியிலும் முதியோர் பராமரிப்பிலும் இருப்பவர்கள். வீட்டுக்காரர் விடுமுறைக்குப் போகும் ஆகஸ்டிலேதான் அவர்களுக்கும் ஓய்வு கிடைக்கிறது. ஆகையால் என்னுடைய அபிப்பிராயம், ஆகஸ்ட் கடைசி வாரத்திலே போய்ச் சேர்ந்து, உறவினரின் ஓய்வு நாட்களிற் சிலவற்றை அவர்களோடு கழித்து, செப்டெம்பர் 4ஆம் திகதிக்குப் பிறகு திரும்புவதே உசிதம் என்பது. அந்தத் திகதி எதற்காக என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

பொதியைப் பற்றி மாமியாரின் பொருட்டு ஓர் எச்சரிக்கை. மிளகாய்த்தூளும் ஒடியலும் கருவாடும் பெட்டியிலே போகலாம். இறைச்சியும் பாற்பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகக்கூடா. கறிவேப்பிலையும் மாம்பழமும் தாவரச் சுகாதாரச் சான்றிதழின்றிப் போகக்கூடா. எங்கள் வீட்டில் நெய்ப் போத்தலைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கச் செய்வதற்கு நான் பட்ட பாடு தனி உரையாகப் பேசத்தக்கது.

நேயர்களே, இப்போது நான் மிகவும் ஆசையோடு பேச விரும்பும் பகுதிக்கு வந்துவிட்டேன். உரோமாபுரியிலிருந்து பலெர்மோவுக்கு விமானம் உண்டு. ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேலேதான். சில வேளைகளில் அதன் சீட்டுப் புகையிரதச் சீட்டிலும் மலிவாயிருக்கும். அப்படியிருந்தும் குடும்பத்தோடு போகிறவர்கள் ஒரு வழியையாவது இரவுப் புகையிரதத்திலே போக வேண்டும் என்று நான் வற்புறுத்துகிறேன். அதற்குக் கணக்கிலும் ஒரு நியாயம் உண்டு. இரவிலே உரோமாபுரியில் ஏறி, நாலு பேர் படுக்கும் அறையொன்றைக் குடும்பத்துக்கென எடுத்துக்கொண்டால், அன்றைய விடுதி வாடகை மிச்சமாகிறது. பெட்டிகளுக்குத் தனிக் கட்டணமில்லை. அம்மம்மாவும் காலை நீட்டிப் படுக்கலாம். சீட்டை எவ்வளவு முன்னதாக வாங்குகிறீர்களோ அவ்வளவுக்கு விலை குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆனால் உண்மையான காரணம் அதுவன்று. சிசிலி ஒரு தீவு. இடையிலே மெஸ்ஸினா நீரிணை கிடக்கிறது. அந்தக் கடலை, நேயர்களே, புகையிரதமே கப்பலேறிக் கடக்கிறது.

என் தகப்பனார் இளமையிலே தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போனவர். 1914ஆம் ஆண்டு பாம்பன் பாலம் திறக்கப்பட்டதோடு, கொழும்பையும் சென்னையையும் புகையிரதமும் நீராவிக் கப்பலுமாகச் சேர்த்து இணைத்த 'போட் மெயில்' பிரயாணம் தொடங்கிற்று. மதவாச்சியிற் பிரிந்து மடுவைத் தாண்டிச் செல்லும் நம்முடைய பாதை அந்தப் பெரும் வழியின் ஒரு கண்ணி. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேஸ்வரத்துக்கு ஓடிய கப்பலும் கலவர காலத்தோடு நின்றுபோயிற்று. தகப்பனார் அதைச் சொல்லும்போது ஒரு குறையையும் சேர்த்தே சொல்வார்: வண்டி துறைமுகத்திலே நின்றுவிடும், மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, கப்பலேறி, அக்கரையில் மீண்டும் வேறொரு வண்டி ஏற வேண்டும். வண்டியே கப்பலுக்குள் போகும் ஒரு தேசம் இருக்கிறதென்று உத்தியோக காலத்திலே வாசித்த நாள் முதல் அதைக் காணும் ஆவல் என்னை விடவில்லை.

விடியற்காலையில் வில்லா சான் ஜொவானி என்னும் நிலையத்தில் வண்டி நின்றது. மாமியாரும் மனைவியும் நித்திரை. நான் நடைபாதை யன்னலைத் திறந்துகொண்டு நின்றேன். வண்டியை இரண்டு துண்டாகப் பிரித்தார்கள். எங்கள் பெட்டிகளை இயந்திரம் பின்புறமிருந்து மெதுவாகத் தள்ள, கப்பலின் முகப்பு மேல்நோக்கித் திறந்திருந்தது. கரையின் தண்டவாளமும் கப்பலுக்குள் இருந்த தண்டவாளமும் ஒன்றுக்கொன்று நேராய்ப் பொருந்த, சக்கரங்கள் அந்த மூட்டைக் கடக்கும்போது எழுந்த 'டக் டக்' என்ற ஓசை ஒவ்வொரு பெட்டியாக எங்களை நோக்கி நெருங்கி வந்தது. வெளிச்சம் மங்கி, எண்ணெயும் உப்பும் கலந்த மணம் வந்தது. மற்றத் துண்டைப் பக்கத்துத் தண்டவாளத்திலே கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஊழியர் ஒருவர் குனிந்து இரும்புச் சங்கிலிகளால் சக்கரங்களைப் பிணைத்தார். நான் உடனே வீட்டாரை எழுப்பினேன். பெட்டியை விட்டு இறங்கிப் படியேறிக் கப்பலின் மேற்றளத்துக்குப் போக அனுமதி உண்டு. அங்கே சிற்றுண்டிக் கூடத்தில் அரான்சினி என்னும், சோற்றைத் திரட்டி உள்ளே கறி வைத்துப் பொரித்த உருண்டை விற்பார்கள். அதைத் தின்பதற்காகவே மேலே ஏறுகிற இத்தாலியர் உண்டு. மாமியார் ஒன்றை வாங்கிப் பிட்டுப் பார்த்து, "இது எங்கட றோல்ஸின்ர ஒண்டுவிட்ட சகோதரம்" என்றார்.

நீரிணை மிக ஒடுங்கிய இடத்தில் ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர்தான்; கடக்க அரை மணி போதும்; வண்டியைப் பிரித்து ஏற்றி இறக்கித் திரும்பவும் கொழுவுவதற்கே நேரம் செல்லும். மெஸ்ஸினாத் துறைமுக வாயிலிலே உயர்ந்த தூணின்மேல் பொன்னிற மாதா நிற்கிறாள். மாமியார் சைவம், ஆனாலும் மடுவுக்கு நேர்த்தி வைத்துப் போகிறவர், இருந்தபடியே கைகூப்பினார். இந்த நீரிணையின்மேல் பாலம் கட்டும் பேச்சு நெடுங்காலமாக நடக்கிறது. கட்டி முடிந்தால் கப்பலேறும் வண்டிக்கு அவசியமிராது. ஆகையால் ஆசையுள்ளவர்கள் தாமதியாதீர்கள். அன்று நண்பகல் கடந்து பலெர்மோ போய்ச் சேர்ந்தோம்.

நேரம் குறைந்துவிட்டதென்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து தம்பி கைகாட்டுகிறார். உரோமாபுரியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு கொலோசியம் முதலான அரசாங்கத்துக்குரிய புராதன இடங்களில் நுழைவு இலவசம்; மாதத்தின் முதல் ஞாயிறு எல்லாருக்குமே இலவசம், கூட்டமும் அதற்கேற்றபடி. புனித பேதுரு பேராலயத்துள்ளே போகக் காசில்லை. தெருவோரக் குழாய்களில் ஓயாது ஓடும் தண்ணீர் குடிக்கத்தக்கது. வெறும் போத்தலைக் கொண்டுபோனால் ஐந்து பேருக்குத் தினசரி ஒரு சிறு தொகை மிச்சம். கோப்பியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் இருந்தால் வேறு விலை. உணவுச் சாலையில் சிட்டையின் அடியில், இருக்கைக்கென்று தலைக்கு ஒரு தொகை சேர்க்கப்பட்டிருப்பதைக் கண்டு திகைக்க வேண்டாம். அது இத்தாலியின் பல இடங்களிலுள்ள வழக்கம்.

செப்டெம்பர் 4ஆம் திகதியைச் சொல்லாமல் விடமாட்டேன். அது பலெர்மோவின் பாதுகாவலியாகிய புனித ரொசாலியாவின் திருநாள். 1624இல் நகரைக் கொள்ளைநோய் வாட்டியபோது பெல்லெகிரீனோ மலையிலே அவளுடைய எலும்புகள் கண்டெடுக்கப்பட்டு, மறு ஆண்டு நகர வீதிகளில் பவனியாகக் கொண்டுவரப்பட, நோய் நீங்கியதென்று அவ்வூரார் நம்புகிறார்கள். மலையிலே குகைக்குள் கோயில். கூரைப் பாறையிலிருந்து ஓயாது சொட்டும் நீரை உலோகத் தகட்டு வாய்க்கால்கள் ஏந்திக்கொண்டு போகின்றன. பொன்னாடை போர்த்த புனிதை சாய்ந்து படுத்திருக்கிறாள். ஞாயிறுதோறும் இந்த மலையேறுகிறவர்களில் நம்மவர் ஏராளம். கத்தோலிக்கர் மாத்திரமல்ல, சைவரும். சிலர் வெறுங்காலோடு ஏறுகிறார்கள். கல் பாவிய பழைய பாதை செங்குத்தானது. அம்மம்மாமாருக்குப் பேருந்து உண்டு. இதற்கு நுழைவுச்சீட்டில்லை, உண்டியலுக்கு உங்கள் மனம்போல் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

இம்முறைக் காலபோகம் இரணைமடுக் குளத்தின் தயவாலும் மழையின் தயவாலும் குறைவின்றி விளையட்டும். நெற்காசு வங்கியிலே ஏறி, கடவுச்சீட்டுகள் கைக்கு வந்து, உங்களிற் சிலராவது அந்த மலையிலே நம்மவரோடு கூடுவீர்கள் என்று நம்புகிறேன். உறவினருக்குப் பருத்தித்துறை வடை கொண்டுபோகிறவர்கள் அதை உடையாதபடி தகரப் பேணியில் அடைத்துக் கைப்பொதியிலே வையுங்கள். நீரிணை வரும்போது ஒருவரும் நித்திரையாயிருக்க வேண்டாம், பிள்ளைகளையும் எழுப்பிவிடுங்கள்.