மழலையர் கல்வி: தொண்டாகவும் தொழிலாகவும்



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு பட்டியல் எழுகிறது. மருத்துவம், பொறியியல், பட்டயக் கணக்கியல், வங்கிப் பணி, ஆசிரியர் பணி என அது நீள்கிறது. ஆசிரியர் பணியிலும் மேல்நிலைப் பள்ளிக்கே முதல் மதிப்பு. தொடக்கப் பள்ளி அதற்கு அடுத்தது. மூன்று வயதுக் குழந்தைக்குக் கற்பிக்கும் பணி அப்பட்டியலில் இடம் பெறுவதே அரிது. 'பாட்டுப் பாடவும் மூக்கைத் துடைத்துவிடவும் படிப்பு எதற்கு?' என்னும் எண்ணம் படித்த குடும்பங்களிலும் ஊன்றிக் கிடக்கிறது. அவ்வெண்ணம் சரியா என்பதை ஆராய்வதற்குப் பேரணாம்பட்டைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

பாலாற்றுச் சமவெளியின் தோல் தொழில் வட்டாரத்தில் வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விசாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் ஒரே சங்கிலியின் கண்ணிகள். தோல் பதனிடும் ஆலைகளில் ஆண்கள் மிகுதி; காலணித் தொழிற்சாலைகளில் தைக்கவும் ஒட்டவும் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் பெண்கள். சிற்றூர்களில் பீடி சுற்றுவோரும் பெண்களே. விடியலில் ஆலைப் பேருந்து ஏறும் தாயின் குழந்தையை மாலை வரை யார் பார்த்துக்கொள்வது? பாட்டி இருந்தால் பாட்டி. இல்லையேல் அக்காள். தம்பியை இடுப்பில் சுமக்கும் அந்த அக்காளின் பள்ளிப் படிப்பு அன்றே தடுமாறத் தொடங்குகிறது. ஒரு காப்பகம் இல்லாமற் போனால் தாயின் கூலி, சிறுமியின் கல்வி, மழலையின் வளர்ச்சி ஆகிய மூன்றும் ஒருங்கே குலைகின்றன.

சட்டம் இதை அறியாததன்று. முப்பதுக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் உள்ள ஆலை, ஆறு வயதுக்குட்பட்ட அவர்தம் குழந்தைகளுக்குக் காப்பகம் அமைக்க வேண்டும் என்றும், குழந்தை வளர்ப்பில் பயிற்சி பெற்ற பெண்ணின் பொறுப்பில் அது இருக்க வேண்டும் என்றும் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களுக்குக் காப்பகத்தைக் கட்டாயமாக்கி, தாய் நாளொன்றுக்கு நான்கு முறை சென்று குழந்தையைக் காணவும் உரிமை தந்தது. சுவரும் தொட்டிலும் எழுப்புவது எளிது. 'பயிற்சி பெற்றவர்' என்ற சொல்லை நிறைவேற்ற ஆள் வேண்டும். வேலைவாய்ப்பு அங்கேதான் பிறக்கிறது.

இக்கல்வியின் வரலாறே உழைக்கும் தாய்மாரின் வரலாறு. 1907-இல் மரியா மாண்டிசோரி அம்மையார் தம் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தை உரோமாபுரியின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் தொடங்கினார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப் போர் மூண்டதால் பல ஆண்டுகள் இந்நாட்டிலேயே தங்கினார். குசராத்தில் கிஜூபாய் பதேக்கா 1920-இல் பவநகரில் பால மந்திர் தொடங்கினார். அவர் வழியில் வந்த தாராபாய் மோடக், மகாராட்டிரப் பழங்குடிச் சிற்றூர்களில் வீட்டு முற்றத்தையே வகுப்பாக்கினார். 'அங்கன்வாடி' என்ற பெயரின் வேர் அம்முற்றமே. 1969-இல் தில்லியில் கட்டட வேலைத்தளத்துத் தூசியில் கிடந்த குழந்தைகளைக் கண்டு மீரா மகாதேவன் நடமாடும் காப்பகங்களைத் தொடங்கினார். மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-இல் அளித்த அறிக்கை, 1975 அக்டோபர் 2-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்திற்கு வழி வகுத்தது. இன்று தமிழகத்தில் 54,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் மையங்கள் இயங்குகின்றன.

இப்பணி திறன் வேண்டாப் பணி அன்று. மணி கோக்கும் குழந்தை கையெழுத்துக்கு விரலைப் பழக்குகிறது. கதை கேட்கும் குழந்தை மொழியின் கட்டமைப்பை உள்வாங்குகிறது. எக்குழந்தை எதைச் செய்கிறது, எதைச் செய்யத் தயங்குகிறது என்று நாள்தோறும் உற்றுநோக்கிக் குறித்து வைப்பவரே நல்லாசிரியர். ஓசைக்குத் திரும்பாத குழந்தையையும் கண்ணோடு கண் நோக்காத குழந்தையையும் முதலில் இனங்காண்பவர் பல வேளை அவரே. பேரணாம்பட்டில் இன்னொரு திறனும் வேண்டும். ஒரே வகுப்பில் தமிழ் பேசும் குழந்தை, உருது பேசும் குழந்தை, தெலுங்கு பேசும் குழந்தை மூவரும் அமர்ந்திருப்பர். தாய்மொழியில் நாலு சொல் பேசும் ஆசிரியரிடம் அழுகை விரைவில் அடங்கும். பன்மொழி அறிவு இங்கே அணிகலனன்று, அடிப்படைத் தகுதி.

இனி வாய்ப்புகள். முதலாவது அரசின் குழந்தைகள் மையம். 2025-இல் வெளியான அங்கன்வாடிப் பணியாளர் அறிவிக்கையில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் 25 முதல் 35 வரையிலான வயதும் தகுதியாகக் கேட்கப்பட்டன. இரண்டாவது ஆலை, மருத்துவமனை, அலுவலகக் காப்பகங்கள். மூன்றாவது தனியார் மழலையர் பள்ளிகள். நான்காவது சிறப்புக் கல்வி. செவித்திறன் குறைந்த மழலையருக்கெனச் சென்னையில் 1969 முதல் பால வித்யாலயா இயங்குகிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சிக்கெனத் தனிப் பிரிவே உண்டு. இத்துறையில் பணியாற்ற இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு வேண்டும். ஐந்தாவது, அனுபவம் பெற்றபின் பயிற்றுநராதல், பாடநூல் ஆக்கம், சிறுவர் இலக்கியம், சொந்தமாகக் காப்பகம் நடத்துதல்.

படிப்புக்கும் வழிகள் பல. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர்க்கு இத்துறையில் பட்டயம் வழங்கி வருகிறது, வீட்டிலிருந்தே கற்கலாம். பட்டம் விரும்புவோர் கோவை அவினாசிலிங்கம் நிறுவனம் போன்றவற்றில் மனையியலின் கிளையாகிய மனித மேம்பாடு பயிலலாம். மூன்று மாதத்தில் சான்றிதழ் என விளம்பரம் செய்யும் நிலையங்களில் பணம் கட்டுமுன், அச்சான்றிதழை ஏற்கும் அமைப்பு எது என்று கேட்டறிவது அறிவுடைமை.

ஊதியத்தைப் பற்றி மறைத்துப் பேசுதல் வாய்மைக்கு ஏற்றதன்று. மேற்கூறிய அறிவிக்கையில் முதல் 12 மாதங்களுக்குத் தொகுப்பூதியம் ரூ.7,700; அதன்பின்னரே ஊதிய விகிதம். சிறு தனியார் பள்ளிகள் பலவற்றில் நிலை இதனினும் மெலிது. குடும்பத்தின் ஒரே வருவாயாக இதை நம்பி இறங்குவோர் கணக்கிட்டே இறங்க வேண்டும். ஆயினும் காற்று மெல்லத் திசை மாறுகிறது. அங்கன்வாடிப் பணியாளரும் உதவியாளரும் பணிக்கொடை பெற உரியவர் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. சிறப்புக் கல்வித் தகுதியும் பட்டமும் உடையோர்க்கு வாய்ப்பும் ஊதியமும் கூடுகின்றன. ஆதலால் பட்டயத்தோடு நின்றுவிடாமல் பணியாற்றிக்கொண்டே மேற்கல்வி பெறுவது தக்க நெறி. ஆண்களும் இதற்கு அயலார் அல்லர். கிஜூபாய் வழக்கறிஞர் தொழிலை விடுத்து மழலையரிடம் வந்தவர்.

சமண முனிவர் உறைந்த இடம் 'பள்ளி' எனப்பட்டது. அங்கே கல்வி வழங்கப்பட்டதால் கல்விக்கூடத்திற்கும் அப்பெயர் அமைந்தது என்பர் அறிஞர். அன்னம், அபயம், ஔடதம், சாத்திரம் என நால்வகைத் தானம் வகுத்த மரபு இது. பசி தீர்த்து, அச்சம் அகற்றி, நோய் கண்டு, அறிவு புகட்டும் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் அந்நான்கும் ஒரே கூரையின்கீழ் நிகழ்கின்றன. தோலைத் தொடாத இல்லங்கள் அத்தொழிலிலிருந்து விலகி நிற்பது நோன்பு. ஆனால் அத்தொழிலில் உழைக்கும் தாயின் குழந்தையிடமிருந்தும் விலகி நிற்பது நோன்பாகாது. எவ்வுயிர்க்கும் இரங்கும் நெஞ்சுக்கு மூன்று வயது உயிர் விலக்கன்று.

எனவே அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் வழங்கும் கல்வி உதவியில் ஒரு பகுதியை இப்பயிற்சிக்கென ஒதுக்கலாம். ஒருவரின் பட்டயக் கட்டணம், ஒரு விழா நாளின் அலங்காரச் செலவைவிடப் பெரிதாக இராது. பெற்றோர் தம் பட்டியலில் இப்பணியையும் ஒரு வரியாக எழுதலாம். இளையோர் முடிவெடுக்குமுன் ஒரு வாரம் அருகிலுள்ள குழந்தைகள் மையத்தில் அனுமதி பெற்று அமர்ந்து பார்க்கலாம். அங்கே பொறுமை வளர்வதாக உணர்பவர் இப்பணிக்கு உரியவர். பொறுமை தீர்வதாக உணர்பவர் வேறு துறை நாடுவது அவருக்கும் குழந்தைகளுக்கும் நன்மை.