வீடு மாற அரசு தரும் காசு



மாத முடிவில் ரொறன்ரோவின் பார்க்டேல் பகுதியிலுள்ள ஜேம்சன் அவெனியூ மாடிக் கட்டடங்களுக்குப் போய்ப் பாருங்கள். வாசலில் வீடு மாறுகிறவர்களின் மெத்தை, கட்டில், கயிறு கட்டிய அரிசிப் பெட்டி. லிஃப்டை முன்கூட்டியே பதிந்தவர் தப்பினார்.

ஒன்ராறியோ வேர்க்ஸ் என்ற சமூக உதவியோ ஓ.டி.எஸ்.பி. என்ற மாற்றுத்திறனாளிகளுக்கான உதவியோ பெறுகிறவர்களுக்கு ரொறன்ரோ மாநகரம் வீட்டு நிலைப்படுத்தல் நிதி என்று ஒன்றை வைத்திருக்கிறது. வீடு மாறும் செலவு, கடைசி மாத வாடகை முற்பணம், அவசியமான தளபாடம் ஆகியவற்றுக்கு அதில் கேட்கலாம். எங்கள் சனத்தில் பலர் கேட்பதே இல்லை; கடன் வாங்கிக் கட்டிவிட்டுப் பிறகு அலைகிறார்கள். அது எனக்குப் பெரிய வேதனை.

வாகனக்காரருக்குக் காசு கொடுக்க முதலே உங்கள் கோப்பைப் பார்க்கும் அலுவலரிடம் கேளுங்கள். தொலைபேசியில் பேசினாலும், பேசியதை ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவையுங்கள். திகதியும் பெயரும் அதில் இருக்கட்டும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். புதிய வீட்டுக்காரர் 'டமேஜ் டிப்பொசிட்' (சேதத்துக்கான முற்பணம்) கேட்டால் கொடுக்க வேண்டாம். ஒன்ராறியோச் சட்டப்படி கடைசி மாத வாடகையும் திறப்புக்கான சிறு முற்பணமும் மட்டுமே கேட்கலாம். ரசீதும் வாங்குங்கள்.

அலுவலகம் அனுப்பிய கடிதம் விளங்கவில்லையா? பார்க்டேல் சமூக சட்ட சேவை நிலையம் 1971 முதல் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு இலவசமாக உதவிவருகிறது. கடிதம் வந்த உறையையும் சேர்த்தே கொண்டுபோங்கள். முத்திரைத் திகதி அதில்தான் இருக்கும்.